ஓட்டை விழாத கூடாரம்

குளிருக்கு அடுப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவுக எங்க ஊருல எங்களைத் தவிர வேற யாரும் இருந்திருக்க மாட்டாக. ஆண்டிபட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கன அடுப்புன்னா சோறு பொங்கத்தான். குளிருன்னா மார்கழியில விடியக்காலம் ஒரு போர்வைக்கு வேலை, வெயில் ஏறுனா அதுவும் முடிஞ்சு போகும். கூடாரத்துக்குள்ள வச்சுக் குளிர் காய ஒரு விறகடுப்பு வேணும்னு நாங்க கம்பத்துல போயிக் கேட்டப்ப, பாத்திரக் கடைக்காரர் என்னையும் எங்க வீட்டுக்காரரையும் மேலயும் கீழயும் பாத்தாரு.

"கூடாரமா? நீங்க என்ன சர்க்கஸ்காரகளா?"

"ஆமா, கயித்து மேல நடக்கிறதுதான் எங்க பொழப்பு"ன்னு சொன்னேன். கடையில நின்னவுக எல்லாம் சிரிச்சாக. எனக்கு வாய் மட்டும் என்னைக்கும் குறைச்சல் இல்ல. அன்னைக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணுனது இந்த வாய்தான்.

இது தொண்ணூறுகளோட கடைசியில நடந்தது. எங்க மகளுக்கு அப்ப எட்டு வயசு. ரெண்டு வருசமா மழை இல்ல, காட்டுல சோளத்தட்டை கூட முளைக்கல. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல இளைப்பு வேற. கல்யாணத்துக்கு முன்னாடி அவுக மலை மேல ஏலக்காய் ஸ்டோர்ல வேலை பாத்தவுக. ஸ்டோர்னா பச்சைக் காயைத் தட்டுல பரப்பி உலர வைக்கிற கட்டடம். கீழ ஒரு பெரிய அடுப்பு எரியும், அந்தச் சூடு குழாய் வழியா கட்டடம் முழுக்கச் சுத்தி வரும், புகை கூரைக்கு மேல வெளிய போயிரும். அந்த அடுப்பு வாயில உக்காந்து ஏழெட்டு வருசம் விறகு தள்ளுனதுல வாங்குன சீக்குதான் இந்த இளைப்பு.

அந்த நேரத்துல கம்பத்து மொதலாளி ஒருத்தர் கம்பமெட்டு மலை மேல புதுசா ஒரு தோட்டம் வாங்கி ஏலநாத்து நட்டிருந்தாரு. நாத்தைக் காட்டுப்பன்னி கிளறிப்புடும், ஆளுகளும் பிடுங்கிட்டுப் போயிருவாக. அங்கனயே தங்கிக் காவல் பாக்கப் புருசன் பொண்டாட்டியா ஒரு குடும்பம் வேணும்னாரு. சாரல் முடியிற வரைக்கும் கூடாரத்துல சமாளிங்க, அதுக்கப்புறம் ஓட்டு வீடு கட்டித் தர்றேன், வருசம் பூரா வேலை உங்களுக்குத்தான்னு சொன்னாரு. வருசம் பூரா வேலை. எங்களுக்கு அது பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி இருந்துச்சு.

மேல ஏறுறதுக்கு முன்னாடி கம்பத்துல டாக்டர்கிட்டப் போனோம். அவரு இவுக நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்துட்டு, "குளிர்லயும் இருக்கக் கூடாது, புகையிலயும் இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு சேந்தாலும் ஆளு தாங்க மாட்டாரு"ன்னாரு.

"அப்ப எங்கன இருக்கிறது, சொல்லுங்க"ன்னு கேட்டேன். அவரு மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டுனாரு. கீழ இருந்தா கஞ்சி இல்ல, மேல போனா மூச்சு இல்ல. மகளை எங்க அக்கா வீட்டுல விட்டுட்டு ஆனி மாசம் ஜீப்புல ஏறிட்டோம்.

கூடாரம் பட்டாளத்துல கழிச்சு ஏலத்துல விட்டது. பச்சைக் கித்தான், கெட்டியா, ஒருத்தரால தூக்க முடியாது. நாலு பேரு நெருக்கிப் படுக்கலாம். மொதலாளி நின்னு கட்டச் சொல்லிட்டு, போகும்போது கித்தானைத் தடவிக் காட்டிச் சொன்னாரு: "பாத்துப் பொழங்குங்க. ஒரு ஓட்டை விழுந்தாலும் மழை பூரா உள்ளதான். அடுத்த வருசம் இன்னொரு எடத்துக்கு இது வேணும்." நான் ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுத் தலையாட்டுனேன். அடுத்தவுக பொருளை நான் என் பொருளை விடப் பத்திரமாத்தான் வச்சிருப்பேன். ஊரான் வீட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னு அள்ளி விடுற குடும்பத்துல நான் பொறக்கல.

அந்தக் குளிரைப் பத்தி எங்களுக்கு யாரும் சொல்லல. சொன்னாலும் எங்களுக்கு விளங்கியிருக்காது. சாரல் பிடிச்சா நாள் கணக்குல விடாது. துவைச்ச துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப் போகும், உப்பு தண்ணியா ஓடும். மேகம் வந்து கூடாரத்துக்குள்ளயே உக்காந்துக்கிரும். அவுகளுக்கு மூணாம் நாளே இளைப்பு ஆரம்பிச்சிருச்சு. நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம். ஒருநாள் காலையில பாத்தா உதடு நீலம் பாரிச்சிருந்துச்சு, நகக்கண்ணும் நீலம். மனுசன் நீலமா மாறுறதை நான் அன்னைக்குத்தான் முதல்ல பாத்தேன். ரெண்டு கையையும் வச்சுச் சூடு பறக்கத் தேச்சேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உதட்டுக்குச் செவப்பு திரும்புச்சு. அப்பத்தான் எனக்கும் மூச்சு வந்துச்சு. உதடு செவப்பா இருந்தா ஆளு பொழைச்சுக்கிட்டாருன்னு அன்னைக்கு என் மனசுல பதிஞ்சு போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமைதான் கம்பத்துக்கு இறங்குனோம். எப்படியாச்சும் கூடாரத்துக்குள்ள சூடு வேணும். இல்லாட்டி ஒண்ணு வேலையை விடணும், இல்லாட்டி ஆளை விடணும்.

பாத்திரக் கடைக்காரர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பத்த வச்சுக் காட்டுனாரு. அந்த நாத்தத்துக்கே அவுகளுக்கு இருமல் வந்துருச்சு. எங்க ரேசன் கார்டு வேற ஆண்டிபட்டியில, மண்ணெண்ணெய்க்கு எங்கன போறது? அடுத்த கடையில மரத்தூள் அடுப்பு இருந்துச்சு. தகரக் குவளை மாதிரி, நடுவுல கட்டையை நிறுத்திச் சுத்தி மரத்தூளை இடிச்சு அடைக்கணும். விலை கொஞ்சம்தான். ஆனா மேல இருக்கிற ஈரத்துல தூள் ஒரே நாள்ல பிண்ணாக்கா ஆயிரும், அப்புறம் புகைதான் வரும்.

மூணாவதா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சந்துல தகர வேலைக்காரர் ஒருத்தர்கிட்டப் போனோம். பழைய டீசல் பேரலைப் பாதியா வெட்டிக் கம்பியில கால் வச்சு ஒரு அடுப்பு செஞ்சு வச்சிருந்தாரு. யாரோ கோழிப்பண்ணைக்காரர் செய்யச் சொல்லிட்டு வாங்க வரலையாம். முன்னால கொண்டி போட்ட ஒரு சின்னக் கதவு. பின்னால இருந்து மேல போற தகரக் குழாய், அதுக்கு உச்சியில ஒரு தொப்பி.

எங்க வீட்டுக்காரரு அதுக்கு முன்னால குத்த வச்சு உக்காந்துட்டாக. கதவைத் திறக்கிறாக, மூடுறாக. கையை உள்ள விட்டுத் தடவுறாக. "ஏ புள்ள, இது நம்ம ஸ்டோரோட குட்டி"ன்னு சொல்லிச் சிரிச்சாக. அவுக சிரிச்சு நான் பாத்து எத்தனையோ மாசம் ஆச்சு. அந்தச் சிரிப்புக்காகவாச்சும் வாங்கியிருக்கணும் நான். பாவி, வாங்கலையே.

விலையைக் கேட்டா எங்க ரெண்டு பேரோட மூணு வாரக் கூலி. சும்மா கிடக்குதே, குறைச்சே தர்றேன்னு அவரே இறங்கி வந்தாரு. கடனோ உடனோ வாங்கிச் சமாளிச்சிருக்கலாம். எனக்கு உறுத்துனது விலை இல்ல. குழாய் எப்படி வெளிய போகும்னு கேட்டதுக்கு அவரு சொன்ன பதில்தான்.

"கூரையில ஒரு சாண் வட்டமா கித்தானை வெட்டிருங்க தாயி. வெட்டுன எடத்துல தகரத்தட்டு ஒண்ணு வச்சுத் தைச்சுத் தர்றேன். துணியில சூடு படாது, மழையும் இறங்காது."

"வெட்டவா? யாரு வீட்டுச் சீலையை யாரு வெட்டுறது? அந்த மனுசன் ஒரு ஓட்டை விழாமப் பாத்துக்கங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"மொதலாளிகிட்டக் கேட்டுப் பாப்போம்"னு இவுக இழுத்தாக.

"என்னன்னு கேப்பீக? எனக்கு நெஞ்சு சரியில்ல, குளிர் தாங்கல, உங்க கூடாரத்தைக் கிழிக்கணும்னா? அன்னைக்கே வேற ஆளைப் போட்டுருவாரு."

அதுல நியாயம் இருந்துச்சு. எனக்கு வாதத்துல செயிச்ச தெம்பு வந்துருச்சு. பக்கத்துப் பழைய இரும்புக் கடையில கொத்தனாருக சாந்து அள்ளுற இரும்புச் சட்டி ஒண்ணு கிடந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்குப் பொறி தட்டுச்சு. மகளைப் பெத்துப் போட்டு நான் கிடந்தப்ப, இந்த மாதிரி ஒரு சட்டியில கங்கு அள்ளிக் கட்டிலுக்குக் கீழ வச்சிருந்தாக. எங்க ஊருல பிள்ளை பெத்த வீட்டுல எல்லாம் கணப்பு போடுவாக. பதினஞ்சு நாளு நானும் பச்சைப்பிள்ளையும் அந்தக் கங்கோட வெக்கையிலதான் கிடந்தோம். ஒரு இருமல் உண்டா, ஒரு தும்மல் உண்டா?

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாகளா?"ன்னு நான் ஆரம்பிச்சேன். "உங்களுக்குப் புகைதான ஆகாது? கங்குல ஏது புகை? விறகு வெளிய எரியட்டும், புகை வெளியவே போகட்டும். நல்லாச் செவந்த கங்கை மட்டும் அள்ளி உள்ள வைப்போம். குழாயும் வேணாம், ஓட்டையும் வேணாம்."

தகர வேலைக்காரரு தலையைச் சொறிஞ்சாரு. "தாயி சொல்றதும் சரியாத்தான் இருக்கு"ன்னாரு. அவரு வியாபாரம் கெட்டது. அவருக்கும் தெரியல, என்ன செய்ய?

எங்க வீட்டுக்காரரு மட்டும் மெதுவா ஒண்ணு சொன்னாக. "இல்ல புள்ள. ஸ்டோர்ல கங்கு வாரிப் போடுற ரூம்பு ஒண்ணு உண்டு. அந்தக் கதவை மட்டும் அடைக்கவே விட மாட்டாக. அடைச்சா மேஸ்திரி அடிக்க வருவாரு."

"ஏனாம்?"

"ஏன்னு யாரும் கேட்டதில்ல."

"காயை எவனும் மடியில கட்டிட்டுப் போயிரக் கூடாதுன்னு கண்ணு பாத்துக்கிட்டு இருக்கத்தான்"னு நானே ஒரு காரணம் சொல்லி அந்தப் பேச்சை முடிச்சேன். சாந்துச் சட்டியைக் கால்வாசி விலைக்குப் பேசி வாங்கித் தலையில கவுத்துக்கிட்டு நடந்தேன். அவுக அந்தச் சந்து முனை வரைக்கும் ரெண்டு மூணு தடவை திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தாக.

சட்டி நல்லா வேலை செஞ்சுச்சு, அதைச் சொல்லியே ஆகணும். வெளிய பிளாஸ்டிக் தாளுக்கு அடியில சமைச்சு முடிச்சதும், கங்கை அள்ளி மேல சாம்பலைத் தூவி உள்ள கொண்டு போயி நடுவுல வச்சிருவேன். கொஞ்ச நேரத்துல கூடாரம் கதகதன்னு ஆயிரும். அவுக நெஞ்சுல பூனைக்குட்டி சத்தம் குறைஞ்சுச்சு. உதடு நீலம் பாரிக்கல. "பாத்தீகளா?"ன்னு நாளைக்கு நாலு தடவை கேப்பேன். "ஒங்க மூளை யாருக்கு வரும்"னு அவுகளும் கேலியா சொல்லுவாக.

ஆனா காலையில எந்திரிச்சா ரெண்டு பேருக்கும் தலை மண்டையைப் பிளக்கும். பனி இறங்கித்தான் தலைக்கு ஏறுதுன்னு நான் நெனச்சேன். தைலம் தேச்சுக் காதோட துண்டு கட்டிப் பாத்தேன், கேக்கல. அப்ப இன்னும் எங்கனயோ காத்து உள்ள வருதுன்னு தேட ஆரம்பிச்சேன். கூடாரத்தோட அடி ஓரம் தரையில படாம ஒரு விரக்கடை தூக்கி நின்னுச்சு. சுத்தி மண்ணை வெட்டி அணைச்சேன். வாசல் மடிப்புக்கு உரச்சாக்கைச் சுருட்டி வச்சேன். மூலையில ரெண்டு சின்ன சன்னல் மாதிரி வலை வச்சிருந்துச்சு, அதையும் சாக்கு வச்சுத் தைச்சேன். தலைவலி கூடுச்சு. நான் இன்னும் இறுக்கி அடைச்சேன். ஒருநாள் அவுக காலையில வாந்தி எடுத்தாக. பழைய கஞ்சி ஒத்துக்கலன்னு அன்னையில இருந்து சுடுகஞ்சி வச்சுக் குடுத்தேன். எல்லாத்துக்கும் எங்கிட்ட ஒரு காரணம் இருந்துச்சு.

நெருப்பு இல்லாமப் புகையாதுன்னு சொல்லுவாக. புகை இல்லாத நெருப்பைப் பத்தி ஒரு பழமொழியும் எங்களுக்குச் சொல்லித் தரல.

ஆடி மாசம் நடுவுல ஒருநாள் அவுகளுக்குக் காய்ச்சல். விடிஞ்சதுல இருந்து சாரலும் காத்தும் மரத்தை எல்லாம் முறிக்கிற மாதிரி அடிச்சுச்சு. அன்னைக்கு மேல் சரிவுல களை எடுக்கக் கம்பத்துல இருந்து ஜீப்புல ஆளுக வந்திருந்தாக. நானும் போகணும், காவக்காரர் வீட்டு ஆளு வரலேன்னா மொதலாளி காதுக்குப் போயிரும். அதனால சட்டியில எப்பவும் அள்ளுறதைப் போல ரெண்டு மடங்கு கங்கு அள்ளுனேன். அவுகளுக்குப் போர்வை மேல போர்வையாப் போத்திப் பக்கத்துலயே சட்டியை வச்சேன்.

"வாசலைக் கொஞ்சம் திறந்து வச்சுட்டுப் போ. என்னமோ மூச்சு முட்டுது"ன்னாக.

"முட்டுறது இளைப்பு. திறந்து வச்சா சூடு பூரா வெளிய போயிரும். பச்சைப்பிள்ளை மாதிரிப் பண்ணாதீக, பேசாமப் படுங்க."

வெளிய வந்து வாசல் கயிறு பன்னெண்டு முடிச்சையும் இழுத்துக் கட்டுனேன். கீழ சாக்கையும் திணிச்சேன். உள்ள இருந்து ஒரு தடவை இருமுனாக. போயிட்டு மத்தியானம் வர்றேன்னு கத்திச் சொன்னேன். சரி புள்ளன்னாக.

மத்தியானம் கஞ்சிக்கு எல்லாரையும் போல நானும் இறங்கி வந்தேன். முடிச்சை ஒண்ணொண்ணா அவுத்து மடிப்பை விலக்குனா, உள்ள இருந்து வெக்கை வந்து மூஞ்சியில அடிச்சுச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம், இன்னும் சூடு நிக்குதேன்னு. எட்டிப் பாத்தேன். ஒருச்சாச்சுப் படுத்திருந்தாக. முகம் செவந்திருந்துச்சு. கன்னம், உதடு, காது மடல் எல்லாம் நல்லா ரத்தம் ஓடுற மாதிரிச் செவந்திருந்துச்சு. கல்யாணத்தன்னைக்குக் கூட அவுக முகத்துல நான் அந்தக் களையைப் பாக்கல. காய்ச்சல் இறங்கி அசந்து தூங்குறாக, எழுப்பக் கூடாது, தூங்கட்டும்னு மடிப்பைப் பழையபடி இழுத்து விட்டேன்.

வெளிய பிளாஸ்டிக் தாளுக்கு அடியில உக்காந்து வயிறு நிறையக் கஞ்சி குடிச்சேன். தொட்டுக்க வெங்காயம் உரிச்சேன். அவுகளுக்குச் சுடுகஞ்சி வச்சு ஆத்துனேன். அதுக்கெல்லாம் எப்படியும் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம்தான் கும்பாவை எடுத்துக்கிட்டு உள்ள போனேன்.

கையைத் தொட்டேன், சூடாத்தான் இருந்துச்சு. கங்குக்குப் பக்கத்துல கிடந்த கை அது. தோளைப் பிடிச்சு உலுக்குனேன். ஒடம்பு மொத்தமா ஒரு பக்கம் சாஞ்சுச்சு. அதுக்கப்புறம் நான் போட்ட சத்தம் மேல் சரிவு வரைக்கும் கேட்டுச்சாம்.

ஜீப்புல கீழ கொண்டு வந்தோம். டாக்டர் பாத்துட்டு, "நான்தான் சொன்னேனேம்மா, குளிர் ஆகாதுன்னு"ன்னாரு. இளைப்புல போயிட்டாகன்னு எழுதிக் குடுத்தாரு. ஊருக்குக் கொண்டு வந்து போட்டதும் பொம்பளைக முகத்துத் துணியை விலக்கிப் பாத்துட்டு, "செத்த முகமா இது? கருக்கவே இல்லையே. புண்ணியவான், தூக்கத்துலயே போயிருக்காரு"ன்னு சொல்லிச் சொல்லி அழுதாக. அந்தச் செவந்த முகம்தான் எங்களுக்கு மிஞ்சுன ஒரே ஆறுதல். எம் மக அப்பா அப்பான்னு ஏங்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லித் தூங்க வைப்பேன். "உங்கப்பா கஷ்டப்படலடி. முகம் செவந்து மாப்பிள்ளை மாதிரிப் படுத்திருந்தாக." எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஆயிரம் தடவை இருக்கும். அவளும் பள்ளிக்கூடத்துல கூடப் படிக்கிற பிள்ளைககிட்ட அதைச் சொல்லுவா.

பதினாறு முடிஞ்சு சாமான் எடுக்க மேல போனேன். மொதலாளி ஆளை விட்டுக் கூடாரத்தைப் பிரிச்சுத் தரையில விரிச்சுப் போட்டு, ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் நடந்து பாத்தாரு. "ஒரு பொத்தல் கூட விழாமத் திருப்பிக் குடுத்திருக்கீக ஆத்தா. உங்கள மாதிரி ஆளுக இனி கிடைக்க மாட்டாக"ன்னாரு. தாலி அறுத்துப் பதினாறு நாள்தான் ஆகியிருந்துச்சு. ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சுன்னு ஒத்துக்கிறேன். சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டோம்ல. சட்டியைச் சுரண்டிக் கழுவி ஊருக்குக் கொண்டு வந்தேன். நல்ல இரும்பு, எதுக்கு விடுறது?

பத்துப் பதினோரு வருசம் ஓடிருச்சு. மகளைக் கட்டிக் குடுத்தேன். தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அப்ப எங்களுக்கு அரசாங்கத்துல கட்டிக் குடுத்த காங்கிரீட் வீடு, ஒரே ரூம்பு, ஒரே சன்னல். கார்த்திகை கடைசி, வாடை அடிச்சுச்சு. பேரன் பொறந்து ஆறாம் நாள். சன்னல் பலகை சரியா மூடாதுன்னு சாக்கை மடிச்சு இடுக்குல எல்லாம் திணிச்சேன். கதவைச் சாத்துனேன். பரண்ல இருந்து அந்தச் சாந்துச் சட்டியை இறக்கி, கங்கு அள்ளிக் கட்டிலுக்குக் கீழ வச்சேன். பிள்ளை பெத்த வீட்டுல கணப்பு இல்லாம எப்படி?

"தலை வலிக்குதும்மா. கொஞ்சம் கதவைத் திறயேன்"னா மக.

"பச்சை ஒடம்புக்காரி, வாடை பட்டா சன்னி வந்துரும். பேசாமப் படு."

சொல்லிட்டு நான் வெளிய பத்தியக் குழம்புக்குச் சுக்கு இடிச்சுக்கிட்டு இருந்தேன். காலையில பதினோரு மணி இருக்கும். பிள்ளை எடை போட நர்ஸம்மா வந்தாக. கதவைத் திறந்தவுக அப்படியே நின்னுட்டாக. அப்புறம் உள்ள ஓடி, சேலைத் தலைப்பைச் சுத்திச் சட்டியைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து வாசல்ல கொட்டுனாக. பிள்ளையைத் தூக்கிட்டு வந்து வெயில்ல வச்சாக. மகளைக் கையத் தாங்கி வெளிய கூட்டிட்டு வந்து உக்கார வச்சாக.

"அறிவிருக்கா உங்களுக்கு?"ன்னு என்னையப் பாத்துக் கேட்டாக.

"புகை எதுவும் இல்லையேம்மா. நல்லாச் செவந்த கங்கு. எங்க வழக்கம் இது, என் பிரசவத்துக்கும் வச்சதுதான்"னு நானும் விடல.

"அப்ப உங்க வீடு என்ன வீடு?"

ஓட்டு வீடு. சுவத்துக்கும் கூரைக்கும் நடுவுல பூனை போயி வர்ற அளவுக்கு இடைவெளி கிடக்கும். அதையும் அவுககிட்டச் சொன்னேன்.

"அதான் பொழைச்சீக. கங்குல இருந்து ஒரு நச்சுக்காத்து வரும். அதுக்கு வாடையும் கிடையாது, நெறமும் கிடையாது. அடைச்ச எடத்துல நின்னுரும். முதல்ல தலை வலிக்கும், குமட்டும், அப்புறம் அசத்தும். தூங்குறவுக எந்திரிக்கவே மாட்டாக. பாத்தா செத்த மாதிரியே தெரியாது. முகம் செவந்து, தூங்குற மாதிரியேதான் இருக்கும்."

சொல்லிட்டு அவுக பிள்ளையை எடை போட்டு நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிட்டாக. அவுகளுக்கு இன்னும் நாலு வீடு இருந்துச்சு.

நான் வாசப்படியில உக்காந்திருந்தேன். ஸ்டோர்ல அந்தக் கதவை ஏன் அடைக்க விடலேன்னு எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. எங்க வீட்டுக்காரருகிட்ட அதைச் சொல்லலாம்னா அவுக இனி இல்ல. மூச்சு முட்டுதுன்னு சொன்ன மனுசனை உள்ள போட்டுப் பன்னெண்டு முடிச்சு போட்டவ நான். வெக்கை அடிக்குதேன்னு சந்தோசப்பட்டுக் கஞ்சி குடிச்சவ நான். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அவரு மகளையும் பேரனையும் அதே மாதிரி உள்ள வச்சு அடைச்சவளும் நான்தான். குளிர் கொல்லல, இளைப்பும் கொல்லல. ஒரு சாண் கித்தானுக்காக நான்தான் கொன்னேன்.

மக தலையைச் சுவத்துல சாச்சு உக்காந்திருந்தா. பிள்ளை மடியில கிடந்துச்சு. என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. அவ ஒண்ணும் மறந்திருக்க மாட்டா, ஆயிரம் தடவை கேட்ட கதையில்ல?

"அப்பா முகமும் செவந்துதான இருந்துச்சும்மா?"ன்னா.

"ஆமா"ன்னேன்.

அவ கண்ணைக் கீழ இறக்கிக்கிட்டா. பிள்ளைக்குத் தூக்கம் வருது, உள்ள போகணும், அந்தச் சன்னலைத் திறந்து விடுன்னு சொன்னா. நான் எந்திரிச்சுப் போயி இடுக்குல திணிச்ச சாக்கைப் பிடிச்சு இழுத்தேன். ஒரு கையால வரல. அவ்வளவு இறுக்கமா அடைச்சிருந்தேன், ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு.